கோவையில் மட்டும் ஓடும் கான்

சிப்பித்துறைப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இஸ்ஹாக் தன் இருபத்தாறு வருட சேவையில் கட்டி முடித்த மழைத்தண்ணிக் கான்களில் மிகச் சிறந்தது, பள்ளி ஒழுங்கையிலிருந்து கடலோரக் களப்புக்குப் போகும் கான்தான். அதன் கடைசி இருபத்திரண்டு மீற்றரில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு குப்பை இல்லை, நுளம்பு பெருகுவதாக ஒரு முறைப்பாடு இல்லை. அது கட்டப்படவே இல்லை என்பதுதான் அதிலுள்ள ஒரேயொரு குறை.

விஷயம் சிறியது. ஐந்து வருடத்துக்கு முன், மார்கழிக் கடைசியில், வேலை இருபத்திரண்டு மீற்றர் மிச்சம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வருடம் முடியுமுன் செலவாகாத காசு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அப்போதிருந்த செயலாளர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுதுங்க இஸ்ஹாக். மழை விட்டதும் கட்டிடுவோம்" என்றார். இஸ்ஹாக் 'நூறு வீதம் பூர்த்தி' என்று எழுதி ஒப்பம் வைத்தார். தனக்கென்று ஐந்து சதம் எடுக்கவில்லை. மழை விட்டது. கொந்தராத்துக்காரன் ஃபஸ்லான் கட்டாருக்குப் போய்விட்டான். செயலாளர் இடம் மாறிப் போனார். ஒப்பம் மட்டும் ஊரிலேயே இருந்தது.

முன்னெல்லாம் மழைத்தண்ணி பள்ளி ஒழுங்கையில் எல்லார் முற்றத்திலும் நீதியாகப் பங்கு பிரிந்து நிற்கும். அபிவிருத்தி வந்தபின் அந்தச் சில்லறை வேலை கிடையாது. நாற்பது வீட்டுத் தண்ணியும் கானில் ஒழுங்காக ஓடி வந்து, கான் முடிகிற இடத்தில், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் உம்மு குல்சூமின் குசினிக்குள் மொத்தமாக இறங்கியது.

வருடா வருடம் திட்டக் கூட்டம் நடக்கும். அதில் எல்லாரும் தெருவிளக்கைத் தங்கள் வாசலுக்கும் கானை அடுத்தவன் வாசலுக்கும் கேட்பார்கள். இஸ்ஹாக் அந்த இருபத்திரண்டு மீற்றரை மெல்லச் செருகிப் பார்ப்பார். புதுச் செயலாளர் அலமாரியிலிருந்து கோவையை எடுத்துத் தாள் தாளாகப் புரட்டிவிட்டு, "முடிஞ்ச வேலைக்கு மறுபடியும் காசா? ஒப்பம் உங்கடதானே?" என்பார். இஸ்ஹாக், ஓம், என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு உட்காருவார்.

இந்த வருடம் உம்மு குல்சூமே கூட்டத்துக்கு வந்தாள்.

"தம்பி, கான் நல்லா ஓடுது. அதில குறை சொல்ல மாட்டன்" என்றாள். "குசினிச் சுவர்தான் ரெண்டு முழத்துக்கு வெடிச்சிட்டுது. வாற மாரிய தாங்காது."

"பார்ப்பம் ராத்தா."

"அஞ்சு வருஷமாப் பார்க்கிறீங்க. கண்ணு நோகல்லயா?"

மார்கழியில் இஸ்ஹாக்குக்கு ஓய்வு. அதற்குள் அந்தச் சுவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு தந்திரம் செய்தார். கட்டி முடிந்த கானைக் கட்ட முடியாது, ஆனால் துப்புரவாக்கலாமே. 'இருபத்திரண்டு மீற்றர் கானில் மண் அகற்றுதல்' என்று திட்டத்தில் எழுதினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மண்ணுக்கு எதிராகப் பேசி யார் வாக்கு வாங்குவது?

புரட்டாதியில் சபையின் மேற்பார்வையாளர் சிவகுரு நாலு ஆட்களோடு வந்தார். வன்னியிலிருந்து வந்து குடியேறியவர். எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார்.

"சேர், கான் எங்க?"

"கீழ."

"எவ்வளவு கீழ?"

"ஒண்டரை அடி தோண்டுங்க. அதுவரைக்கும் மண்தான்."

சிவகுரு நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். "கானுக்குள்ள ஒரு தென்னம்பிள்ளை நிக்குது சேர்."

"அஞ்சு வருஷம் துப்புரவாக்கல்ல சிவகுரு."

"ஓம் சேர். விட்டிருந்தா காய்ச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு சிவகுரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். பின்னேரத்துக்குள் பதினாறு மீற்றருக்கு ஒரு வாய்க்கால் தெரிந்தது. கொங்கிறீட் இல்லாவிட்டால் என்ன, தண்ணி அதையெல்லாம் பார்க்காது. உம்மு குல்சூம் ஆட்களுக்கெல்லாம் இடியப்பமும் சொதியும் கொடுத்தாள்.

மிச்சம் ஆறு மீற்றர். அது றிஸ்மினுடைய விடுதி வாசல். களப்பில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்காக அவன் கட்டிய விடுதி அது. ஊர்க் கழிவுத்தண்ணி அந்த வாசலால் போவதில் அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் அவன் சத்தம் போடவில்லை. மடித்த கடுதாசி ஒன்றோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

"இஸ்ஹாக் நானா, இங்க கான் இருக்கிதா?"

"ஓம். கோவையில இருக்கு."

"தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில கேட்டு எடுத்திட்டன்." கடுதாசியை விரித்துக் காட்டினான். "கொங்கிறீட் போட்டதாத்தான் இருக்கு. நீங்க தோண்டின இடத்தில ஒரு கல்லையும் காணமே. நாளைக்கு விசாரணைக்கு எழுதிப் போட்டா, வாற ஆக்களுக்கு நீங்கதான் காட்டணும்."

இஸ்ஹாக் வாய்க்காலைப் பார்த்தார். இருபத்தாறு வருடப் பென்சனும் அதற்குள்தான் கிடந்தது. அசர் பாங்கு சொல்லி முடியும் வரைக்கும் அசையாமல் நின்றார்.

"மூடுங்க சிவகுரு."

"கானையோ சேர்?"

சிவகுரு வேலையில் நாணயமானவர். மண்ணை நிரப்பி, மிதித்து, தென்னம்பிள்ளையையும் பழைய இடத்திலேயே நட்டு, ஒரு வாளி தண்ணியும் ஊற்றினார். உம்மு குல்சூம் இடியப்பத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் லுஹருக்குப் பிறகு குசினிச் சுவர் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. இடியப்ப உரல் மட்டும் கல்லுக்கு அடியில்.

சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுத சபையிலிருந்து தகுதியான ஒருவரை அனுப்பினார்கள். இஸ்ஹாக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணிக்குள் நின்று படிவத்தை நிரப்பினார். 'காரணம்' என்ற இடத்தில் பேனை நெடுநேரம் நின்றது.

"என்ன தம்பி எழுதினீங்க?" என்றாள் உம்மு குல்சூம். அவளுக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி சுவரோடு போய்விட்டது.

"மழை, ராத்தா."

"மழைதான்" என்றாள் அவள். "நாப்பது ஊட்டயும் உட்டுட்டு என்ட ஊட்டத் தேடி வந்த மழை."

வீட்டுக்காரரும் ஒப்பம் வைக்க வேண்டும். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாள்.

"எதில வைக்கணும்?"

இஸ்ஹாக் விரலை வைத்துக் காட்டினார்.