டேப்பக்கா அளந்த வயிறு

அலையாத்திக் காட்டில் ஆராய்ச்சிக்காக மரம் அளக்கிறவளை எல்லாரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு டேப் இல்லாமல் அவள் இடுப்பை யாரும் பார்த்ததில்லை. பூட்டு ரிப்பேர் செய்யும் அவள் கணவர், கடைக்கு வருகிறவர்களிடம், "மரம்னா அவளுக்கு உயிரு. நானும் ஒரு மரக்கட்டைங்கறதாலதான் என்னைக் கட்டிக்கிட்டா" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

வேலையில் சேர்ந்த அன்று ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: கண்ணை நம்பாதே, டேப்பை நம்பு. மனுஷி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முட்டுவேர்களுக்கு நடுவே தொடை வரை சேற்றில் நின்று, வருஷா வருஷம் அதே மரங்களை அதே உயரத்தில் சுற்றி அளந்தாள். போன வருஷத்தைவிட எவ்வளவு பருத்திருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பார்த்தால் பெரிதாகத் தெரியும் மரம் டேப்பில் ஏறியிருக்காது. அப்போது கண்ணைத்தான் திட்டுவாள்.

பூட்டுக்காரருக்கு ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஒருமுறை நீரை எடுத்துவிட்டு அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "தினம் காலைல தொப்புளுக்கு நேரா வயித்தைச் சுத்தி அளந்து பாருங்க. இன்னிக்கு இருக்கறதைவிட மூணு சென்டிமீட்டர் ஏறிட்டா உடனே கூட்டிட்டு வந்துடணும். தாமதிச்சா கிட்னியும் கையை விரிச்சிடும்."

அவள் வீட்டில் டேப்புக்கா பஞ்சம்? வீட்டுக்கு வந்த அன்றே தன் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டாள். தினமும் காலையில் அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், அவள் சுற்றிப் பிடித்துப் படிப்பாள். முதல் நாள் குறித்ததைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஒன்றானபோது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "ஒரு சென்டிமீட்டர்தானே, பரவாயில்லம்மா, பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் நர்ஸ்.

ஆனால் அவருக்குக் கால்சட்டைப் பித்தான் எட்டவில்லை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டார். அன்று காலை ஒன்றரை காட்டியது.

"என்னால முடியலடி. இன்னிக்கு ஒரு நாள் போகாம இரேன்."

"சும்மா பயமுறுத்தாதீங்க. ஒன்றரைதான். டேப் பொய் சொல்லுமா?"

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பயம் அவளுக்கும் இருந்தது. அந்தப் பயத்தைத்தான் அவர்மேல் கோபமாகக் காட்டிவிட்டுக் கிளம்பினாள்.

படகு காட்டுக்குள் போய்ச் சேர்ந்ததும் நீர் வடிந்து, சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இனி ஓதம் ஏறித் தண்ணீர் திரும்பும்வரை அளக்க வேண்டியதுதான். அவள் மனசு வேலையில் இல்லாததைப் பார்த்த படகோட்டி, "குடு, இன்னிக்கு நான் அளக்கறேன், நீ எழுது" என்று டேப்பை வாங்கிக்கொண்டார். முதல் மரத்தைச் சுற்றிப் பிடித்து, "முப்பத்தெட்டு" என்றார்.

போன வருஷம் அந்த மரம் பன்னிரண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, மரமா, பூசணிக்காயா? டேப்பைப் புரட்டுங்க. அது சாதாரண பக்கம், வெறும் சுத்தளவு. மரம் அளக்கற பக்கம் பின்னாடி இருக்கு. இதுல மூணு ஏறினா அதுல ஒண்ணுதான்..."

பாதிச் சிரிப்போடு வாய் நின்றுவிட்டது.

அந்த டேப்புக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் எல்லா டேப்பையும் போல. மறுபக்கம் மரத்துக்கென்றே போட்டது. சுற்றிப் பிடித்தால், கணக்குப் போடாமல், அடிமரம் எத்தனை தடிமன் என்று நேராகவே சொல்லிவிடும். சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் கூடினாலும் இந்தப் பக்கம் ஒன்றுதான் கூடும். இத்தனை வருஷமும் இந்த மரப் பக்கத்தையே படித்துப் பழகிய கை. வீட்டிலும் இதையே புரட்டிப் படித்திருந்தது.

ஒன்றரை என்றால் சுற்றளவில் கிட்டத்தட்ட ஐந்து. நர்ஸிடம் சொன்ன அந்த ஒன்றுகூட அப்போதே மூன்றைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, படகை எடுங்க."

"தண்ணியே இல்லையேம்மா, எங்க எடுக்கறது?"

போனில் சிக்னல் இல்லை. அவள் சேற்றில் இறங்கிவிட்டாள். அழுதாள், தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டினாள், வேரைப் பிடித்து ஒரு காலை உருவினாள், மறுகால் புதைந்தது. இந்தக் காட்டில் எத்தனை தடவை நடந்திருப்பாள்! அன்றைக்குப் பார்த்து அது முடியவே இல்லை. படகோட்டி பின்னால் கத்திக்கொண்டே வந்தார்.

வீட்டில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாகக் கிடந்தது. அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்று சட்டையைத் தூக்கினார், அளக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து. அவள் சட்டையை இறக்கிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணி டேப்பால் அளந்தார். பழைய சீட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அஞ்சு ஏறியிருக்கும்மா. இவ்வளவு தூரம் எப்படி விட்டீங்க? நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே போகலங்கறாரு. கிட்னி இனிமே திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

அவள் வாயைத் திறப்பதற்குள் பூட்டுக்காரர் தள்ளுகட்டிலில் இருந்து தலையைத் தூக்கினார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"இல்ல டாக்டர். ஒன்றரைதான். உங்க டேப்தான் எங்கியோ தப்பு. இவ அளந்தா தப்பாது."

"நான்தாங்க தப்பா அளந்தேன்" என்றாள் அவள். "நான்தான். பக்கம் மாத்திப் படிச்சுட்டேங்க."

அவர் அவளுடைய சேறு காய்ந்த கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். தள்ளுகட்டில் நகர ஆரம்பித்துவிட்டது.

"பயத்துல உளர்றா, டாக்டர்" என்றார். "அவ டேப்பை வாங்கி இன்னொரு தடவை அளந்து பாருங்க."