கறுப்புக் களிசான்

குளிருக்குப் போடும் கோட்டை உதறியபோது பையிலிருந்து ஒரு பூச்சி உருண்டை விழுந்தது. அந்த மணத்தோடு அப்பாவின் அப்பா, என் அப்பப்பா, நினைவில் வந்துவிட்டார்.

அவர் யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர். யுத்தத்தில் நீதிமன்றம் மூடிய பிறகும் தன் கறுப்புக் கோட்டை வெயிலில் காயவைத்து, சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் தேய்த்து, பூச்சி உருண்டை போட்டு வைப்பார். அது இல்லாமல் நீதிபதி முன் நிற்பது அவருக்கு மானக்கேடு.

துணி வராத அந்தப் பொருளாதாரத் தடைக்காலத்தில் என் பள்ளிக்கூடக் களிசான், இருந்த ஒரே காற்சட்டை, கிழிந்தது. அப்பப்பா கோட்டைக் கொண்டுவந்து அம்மாவின் தையல் மெசினில் வைத்தார்.

"வேண்டாம் மாமா. கோர்ட் திறந்தால் என்ன செய்வியள்?"

"திறக்கேக்கை பாப்பம். பெடியன் பள்ளிக்கூடம் போகவேணும். வெட்டு பிள்ளை."

சில மாதங்களில் அவரோடு நீதிமன்றத்தில் வழக்காடிய நண்பர் சைக்கிளில் வந்தார். "அண்ணை, வவுனியாக் கோர்ட்டிலை எங்கடை வழக்குகளை எடுக்கினமாம். வாறியளோ?"

அப்பப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"எனக்கு ஏலாது தம்பி. முழங்கால் நோகுது."

நாங்கள் பொய் சொன்னால் குறுக்கு விசாரணை செய்தே அழவைக்கிற மனிதர். அன்று அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவருடைய கோட்டை வெட்டித் தைத்த களிசானோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.