தேதி தெரியாத கேஸ்

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவருக்குச் சீசனில் இரண்டு கவலைதான்: ஒன்று, ஆள் வரவில்லையே என்பது, மற்றது, எல்லாரும் வந்துவிட்டார்களே என்பது. சலான் வாங்கிய புண்ணியவான்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எண்ணிக்கை

ஏழாயிரம்பண்ணையில் நான் ஆள் ஏற்றி வந்த வேனைப் போலீஸ் நிறுத்தியது. அனுமதி பதிமூன்று பேருக்கு. உள்ளே பதினெட்டுப் பேர். எஸ்.ஐ. கையிலிருந்த மிஷினில் சலான் அடித்துக் கொடுத்து, "கேஸ் கோர்ட்டுக்குப் போகும். தேதி மெசேஜ்ல வரும்" என்றார். கடைசி சீட்டிலிருந்து பொன்னுத்தாயி அக்கா தலையை நீட்டினார். "எங்கள்ல யாரு அதிகம்னு சொல்லுங்க சார், அவுக இறங்கிக்கிடட்டும்."

வராத மெசேஜ்

ஒரு மாதமாகியும் மெசேஜ் இல்லை. போன் சத்தம் கேட்டாலே வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பேன். லோன் வேண்டுமா என்று எவனாவது கேட்டிருப்பான். எனக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம். கேஸ் என்று தெரிந்தால் கம்பெனியில் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். இன்னொரு வேன் ஓட்டும் கருப்பசாமியிடம், ஆறுதல் கிடைக்குமென்று நம்பிச் சொன்னேன். "தேதி முடிஞ்சிருந்தா வாரண்ட்டுதாம்லே" என்றான்.

வெள்ளைத் தாள்

மறுநாளே அரைநாள் லீவு போட்டு கோர்ட்டுக்கு ஓடினேன். கிளார்க் சலானைக் கேட்டார். வேன் கண்ணாடியோரம் வெயிலில் கிடந்து, எழுத்தெல்லாம் அழிந்து, அது வெறும் தாளாகியிருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஒரு குத்தமும் இல்லையே அண்ணாச்சி."

பழைய நம்பர்

அவரே எதிரிலிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வழி காட்டினார். அங்கிருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டினாள். வேனை எங்கள் கம்பெனிக்கு விற்ற ஆலங்குளத்துக்காரரின் போன் நம்பரே இன்னும் பதிவில் இருந்திருக்கிறது. மெசேஜ் அவருக்குப் போயிருக்கிறது! தேதி வரும் பக்கம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மேஜைமேல் ஏறாத குறையாகத் திரையை எட்டிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வர்ற வியாழக்கிழமைதான்ணே. மொதல்ல தண்ணி குடிங்க."

வியாழக்கிழமை

பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். பதினெட்டுப் பேர் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். "ஏன் ஏத்துனீங்க?" என்றார் நீதிபதி அம்மா. "அவுகளுக்கு அரை நாள் கூலி போயிருமேன்னு, இறங்கச் சொல்ல மனசு வரலைங்கம்மா." அபராதத்தை எழுதிக்கொண்டே சொன்னார்: "மனசு வரலைன்னா ரெண்டு நடை அடிங்க."

கோர்ட்டில் நான் நின்றது இரண்டே நிமிஷம். அது எந்த நாள் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் ஒரு மாதத் தூக்கத்தைக் கொடுத்தேன்.