அருவி விழுந்த பிறகு எழுதிய சிபாரிசு

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் வரிசையாகச் சொல்வேன். மதிப்பெண் பட்டியலின் நகலில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட வேண்டும்; கீழே முத்திரை இல்லாவிட்டால் அது வெறும் கிறுக்கல். அனுப்ப வேண்டிய கடைசி நாள் வேறு, வந்து சேர வேண்டிய கடைசி நாள் வேறு. படித்த துறையின் தலைவர் எழுதிய சிபாரிசு, அரக்கு வைத்த உறையில், மற்ற தாள்களோடு சேர்ந்தே போக வேண்டும். இவ்வளவும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே எனக்குத் தெரியும். அந்த ஆண்டு குற்றாலத்தில் சாரல் தாமதிக்கும் என்பதுதான் தெரியாது.

எங்கள் துறைத் தலைவர் தென்காசிக்குப் பக்கத்துக் கடையத்துக்காரர். கல்லூரி வெளியூரில் இருந்தாலும் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வந்துவிடுவார். நான் தென்காசிக்காரன் என்பதே அவருக்குப் பிடித்த என் தகுதி. அருவிக்கு நடக்கிற தூரத்தில் வீடு பார்க்கச் சொன்னார்; பார்த்தேன். வந்து இறங்கிய அன்றே சிபாரிசுப் படிவத்தை நீட்டினேன்.

“வந்ததும் வராததுமா பேனாவப் பிடிக்கச் சொல்லுதியேலே? முத குளிப்பு முடியட்டும். தலையில தண்ணி விழுந்தாத்தான் நல்ல வார்த்த வரும்.”

அருவியோ பாறையில் ஈரக்கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தினமும் சைக்கிளில் போனேன். வெறுங்கையோடு போக முடியுமா? பால், விறகு, வாழையிலை, அப்பாவின் பலசரக்குக் கடையிலிருந்து நல்லெண்ணெய். வாசலிலேயே அவர் மனைவி கேட்பார்: “மலையில மேகம் எறங்குதா தம்பி?” இல்லை என்றால், மேகத்தை நான்தான் தென்காசியில் பூட்டி வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு பார்வை.

உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சக்தியை எப்படிக் கணக்கிடுவது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். விழாத தண்ணீருக்கு எவ்வளவு சக்தி என்பதை ஈசிசேரில் சாய்ந்தபடி கற்றுக்கொடுத்தார்.

“சார், விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள்ள அங்க போய்ச் சேரணும்” என்றேன்.

“சேரும்லே. நாளைக்கு வரும்போது நல்ல பலாப்பழமா ஒண்ணு பாத்துக் கொண்டா.”

எழுத மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்லூரி முதல்வரிடம் போயிருப்பேன். விதியில் அதற்கு இடம் இருந்தது. ‘நாளைக்கு’ என்பவரைத் தாண்டிப் போக எந்த விதியும் கிடையாது. கடிதம் கைக்கு வந்தவன் மறுநாள் பால் கொண்டு வருவானா என்று அவர் யோசித்திருப்பார். எனக்கு அது உறைக்கப் பலாப்பழம்வரை ஆயிற்று. உறைத்த பிறகும் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறென்ன செய்வது, பேனா அவரிடம் இருந்தது.

திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய் விடியும்போது தென்காசி முழுக்கச் சாரல். நான் போய்ச் சேரும்போது அவர் ஈரத் தலையோடு, ஊரையே மன்னித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தைகள் வந்தன போலும்; பக்கம் நிறைந்திருந்தது. உறையில் போட்டு, தன் கையாலேயே அரக்கு உருக்கி ஒட்டினார்.

“தேதிய ஒரு வாரம் முன்னால போட்டுருக்கேன். சந்தோசந்தானலே?”

“தபாலாபீஸ்ல முன்தேதிக்கு முத்திர குத்த மாட்டாங்க சார்.”

அவர் சிரித்தார். “அதுக்கு என்ன இப்போ? அடுத்த வருசம் போடு. நான் சீசனுக்கு இங்கனதான் வரப்போறேன். இந்த வீட்டையே பேசி வச்சிரு.”

உறையை அவர் ஈசிசேரின் கைப்பிடியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த சீசனில் நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில், யாரோ கட்டப்போகும் மதகுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் கடை விலாசத்துக்கு அவருடைய கார்டு வந்தது: வீடு பேசி வைக்கவும்.

அப்பா பதறினார். “ஏலே, பெரிய மனுசன் கேக்காரு. ஒனக்கு அவரு கையெழுத்து வேணும்லா?”

“தண்ணி விழட்டும்பா, பாப்போம்.”

“தண்ணிதான் போன வாரமே விழுந்துட்டேலே!”

நான் வீடு பேசப் போகவில்லை. விண்ணப்பப் படிவமும் வாங்கவில்லை. கடையை அடைத்துவிட்டு, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அப்பாவே குற்றாலத்துக்குப் போய் வீடு பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார்.