தோற்கச் சொல்லி அனுப்பினார்கள்

பம்புசெட் விற்கிறவனுக்குச் செருப்புத் தேயும், தொண்டை வறளும், அதோடு போயிற்று என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கோல்ஃப் மட்டையைப் பிடிக்க வைப்பார்கள் என்று ஒரு பயலும் சொல்லவில்லை. டார்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

கண்மாய்ப் பயிற்சி

எங்கள் மதுரைக் கிளைக்குப் பெரிய டீலர் முத்துக்கருப்பன் அண்ணன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மோட்டார் கடை. நெஞ்சடைப்பு வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். வெறுங்கையோடு நடக்கப் பிடிக்காமல், மலையில் வீடு வாங்கி அங்கே கோல்ஃப் ஆட ஆரம்பித்துவிட்டார். ஏஜென்சி ஒப்பந்தம் முடிகிற நேரம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவரோட போய் ஆடுங்க. நல்லாத் தோத்துட்டு, கையெழுத்தை வாங்கிருங்க. இல்லேன்னா உங்களுக்கு ராய்ப்பூருக்கு மாத்தல்தான்" என்றார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மனைவிக்குப் பசுமலையில் டீச்சர் வேலை. நான் எங்கே ராய்ப்பூர் போவது?

தோற்பதற்காவது ஆடத் தெரிய வேண்டாமா? சர்வீஸ் பிரிவில் இருக்கும் என் கூட்டாளி சேவியர் எங்கேயோ மட்டை இரவல் வாங்கி வந்தான். திருநகருக்குப் பின்னால் வறண்டு கிடந்த கண்மாயில் பழகினேன். தரை கல்லாய் இறுகிக் கிடந்ததால், லேசாய்த் தட்டினாலே பந்து மறுகரைக்கு ஓடியது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சேவியரும் பயந்துபோய்ச் சொன்னான்: "மாப்ள, இம்புட்டு வேகமா அடிச்சேன்னா பந்து மலையில இருந்து கீழ அடிவாரத்துல கொடைரோட்டுல வந்து விழுகும். பாத்து அடி."

ஈரப் புல்

மலைக்குப் போனால் பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமுமாய்ப் புல்வெளி, ஓரமெல்லாம் பைன் மரம், கீழே பள்ளத்தாக்கில் மஞ்சு. அழகுதான். ரசிக்கிற நிலைமையில் யார் இருந்தது? முதல் அடி அடித்தேன். பந்து நாலு எட்டுப் போய் ஈரப்புல்லில் பொதிந்து நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. கண்மாயில் பந்தை ஓட்டியது நானில்லை, தரைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் வந்து, "தம்பி, மேனேஜரு தோக்கச் சொல்லி விட்டாரா?" என்றார். "அய்யோ, இல்லண்ணே" என்றேன். தோற்கச் சொன்னதும் உண்மை, நான் வேண்டுமென்று தோற்கவில்லை என்பதும் உண்மை. இதை எந்தக் கோயிலில் சூடம் அணைத்துச் சொன்னாலும் எவன் நம்புவான்? அவர் கையிலிருந்த மட்டையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "அப்ப ஒழுங்கா அடி. எனக்குப் பிச்சை போடுறவனக் கண்டா ஆகாது."

காட்டுமாடு

மஞ்சு மூடி எதிரே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. என் பந்து காட்டோரமாய் உருண்டு போக, எடுக்கப் போனேன். புதர் என்று நினைத்தது எழுந்து நின்றது. காட்டுமாடு. ஆள் உயரத்துக்குத் திமில், மூச்சு விடுவது கேட்கிறது. பின்னாலிருந்து அண்ணன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "அசையாத" என்றார்.

இருவரும் மரம் மாதிரி நின்றோம். அது எங்களைப் பார்த்தது, புல்லை மேய்ந்தது, மறுபடி பார்த்தது. ஓடவும் முடியாது, இருமவும் முடியாது. இந்த லட்சணத்தில், மாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே, மெதுவாக என் காதுக்குள் சொன்னார் அண்ணன்: "போன வாரம் வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். அவனும் உன்னைய மாதிரியே தோத்தான். வெறுங்கையோட அனுப்பிட்டேன்."

கடைசிக் குழி

மாடு ஒருவழியாய்க் காட்டுக்குள் போனது. கடைசிக் குழிக்கு எதிரே கிளப் வராண்டாவில், ஒப்பந்தப் பத்திரத்தோடு மேனேஜரே காரில் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் தன் பந்தைக் குழியில் போட்டு முடித்துவிட்டார். என் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. "இதை யாரும் போட்டுருவாங்க. இதையும் விட்டேன்னு வையி, வேணும்னே விட்டேன்னுதான் எடுத்துக்குவேன். கையெழுத்து கிடையாது" என்றார் அண்ணன். இது தெரியாத மேனேஜர் வராண்டாவிலிருந்து, விட்டுவிடு, விட்டுவிடு என்று கண்ஜாடை காட்டுகிறார்.

அந்தக் குளிரிலும் முதுகில் வேர்வை ஓடியது. குலசாமியைக் கும்பிட்டுத் தட்டினேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மேனேஜர் கை தட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலை நிமிரவில்லை. அண்ணன் வந்து என் கையைப் பிடித்தார். மறுகையால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிடித்த கையை விடாமல் என் முகத்தையே பார்த்தவர், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். நேரே வராண்டாவுக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டு, பத்திரத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்: "தம்பிய மதுரைய விட்டு எங்கிட்டும் மாத்தப்படாது சார். எனக்குப் பயந்துக்கிட்டுத் தோக்குறவனுக எம்புட்டோ பேரு இருக்கானுக. நெசமாவே தோக்குறது இவரு ஒருத்தருதான்."

ஆகவே மகாஜனங்களே, திறமை இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று எவராவது உங்களிடம் சொன்னால், அவரைத் தயவுசெய்து என்னிடம் அனுப்பி வையுங்கள்.