லென் ஹுடாக்கின் ஏழாவது சுற்று

லென் ஹுடாக்கை எங்கள் லொரெய்ன் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வாய் கொஞ்சம் நீளம். ஏப்ரலில் டிராஃப்டின் கடைசி நாள் சனிக்கிழமை வந்துவிட்டால், ஸ்லோவாக் கிளப்பில் டிவிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருடையது. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய பையன்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் கூத்து அது. பேர்பெற்றவர்கள் முதல் சுற்றுகளிலேயே போய்விடுவார்கள். வருடம் தவறாமல் தோற்கும் எங்கள் அணியின் ரசிகர்களுக்குக் கடைசிச் சுற்றுகள்தான் கதி. யாரும் கேள்விப்படாத ஒருவன் வந்து எங்களைக் கரையேற்றுவான் என்று நம்பிக்கொண்டு பியரோகிக் கொழுக்கட்டை தின்போம்.

இந்த வருடம் அப்படி யாரும் கேள்விப்படாதவர்களில் ஒருவன் லென்னின் மகன் கோரி. பேருக்குத்தான் கால்பந்து, அவன் வேலை, குனிந்து நின்று காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் இருக்கும் உதைப்பவனுக்கு எறிவது. தப்பாக எறிந்தால்தான் அப்படி ஒருவன் இருப்பதே ஊருக்குத் தெரியும். எங்கள் அணி மட்டும்தான் ஆளனுப்பி அவனைப் பார்த்தது. அதனால் கோரிக்கு இருந்தது ஒரே கதவு.

கோரி அம்மா வீட்டில் டிவியை அணைத்துவிட்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எடுக்கிற அணி முதலில் பையனைப் போனில் கூப்பிடும், பிறகுதான் டிவியில் சொல்லும். இன்றைக்கு யாரும் கூப்பிடக் கூடாது, மணி அடித்தாலே உயிர் போகிறது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

கிளப்பில் சண்டை சூடுபிடித்தது. தடுப்பு வரிசை ஓட்டைச் சல்லடை, அதற்குத்தான் ஆள் வேண்டும் என்றார் பிளம்பர் ராய் பெட்ராஷ். நம் அணியில் இப்போது பின்னால் எறிபவனுக்கு வயதாகிவிட்டது, முழங்கால் போய்விட்டது என்று லென் ஆரம்பித்தார். ராய் விடவில்லை.

"எறியறவனுக்காக ஒரு சுற்றை வீணாக்கற அணி உருப்படவே உருப்படாதுன்னு, போன வருஷம் இதே நாற்காலியில உக்காந்து சொன்னது யாரு லென்?"

எல்லோரும் சிரித்தோம். லென் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, எறிபவன் வேண்டும்தானே, வேண்டும்தானே என்று கேட்டார். எங்கள் வாயால் சொல்லிவிட்டால் அணிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. அத்தனை பெரிய மனிதர் அப்படிக் கெஞ்சியது எனக்குத் தாங்கவில்லை.

"சரி லென், வேணும்தான்," என்றார் ராய், தட்டைப் பார்த்துக்கொண்டே.

கடைசிச் சுற்றான ஏழாவதில் எங்கள் கடைசி முறை வந்தது. திரையில் அணி ஆளைச் சொல்வதற்கான கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் லென் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். அங்கே சுவரில் கிளப்பின் பழைய போன் இருக்கிறது. பையனுக்கு அழைப்பு வந்ததா என்று கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. தன் செல்போனில் கூப்பிட்டால் 'அப்பா' என்று காட்டும், பையன் கோபித்துக்கொண்டு எடுக்க மாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ. எங்கள் ஊர் எண்ணும் அணி அலுவலக எண்ணும் ஒரே மூன்று இலக்கத்தில் தொடங்கும் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

நான் தட்டை வைக்கப் போனவன் பக்கத்தில் நின்றேன். ஒரு மணிகூட முழுதாக அடித்திருக்காது.

"கோரி ஹுடாக் பேசறேன் சார். ரெடியா இருக்கேன் சார்."

மூச்சு வாங்கும் அந்தக் குரல் எனக்கே கேட்டது. பின்னால் அவன் அம்மா அழுவதும் கேட்டது. லென் சட்டென்று ரிசீவரை மாட்டிவிட்டு, சுவரில் கை ஊன்றி நின்றார்.

அதற்குள் டிவியில் பெயர் சொல்லிவிட்டார்கள். தடுப்பு வரிசைக்கு ஒரு ஆள். ராய் கேட்டது கிடைத்தது, ராய்கூடக் கைதட்டவில்லை.

அப்போது சுவர் போன் அடித்தது. பரிமாறும் டெனிஸ் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"லைன் கட்டாயிடுச்சாம். மன்னிச்சுக்கோங்க சார், நான் லைன்லதான் இருக்கேங்கறான்."

லென் ரிசீவரை வாங்கினார்.

"சார் இல்லடா கோரி," என்றார். "அப்பாதான். முன்னாடி கூப்பிட்டதும் நான்தான்."