பக்கத்து சீட்டைக் கேட்டால் தெரியும்

ஓட்டி வந்தவர் சொல்வதை பிரேக் மெக்கானிக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அவர் இறங்கி வந்து, "நேத்துலேருந்துதான் லேசா ஒரு சத்தம்" என்று இழுக்கும்போதே, இவர் மறுபக்கம் போய்ப் பக்கத்து சீட்டின் கண்ணாடியைத் தட்டிவிடுவார். விசாரணை அங்கேதான். உட்கார்ந்திருப்பது மனைவி என்றால் நல்லது. மாமியார் என்றால் இன்னும் விசேஷம்.

"ஓட்டுறவரு பாட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவாரு. உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் தேதி முதக்கொண்டு ஞாபகம் இருக்கும்" என்பது அவர் கட்சி.

ஒல்லியான ஆள், ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் ஒரு டார்ச்சும் பல் துலக்கும் பிரஷும் எப்போதும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பிரஷைப் பார்த்து முழித்தால், "இது துருவைத் துலக்க. எனக்கு வேற இருக்கு" என்பார். இன்ஜின் கோளாறு என்று யாராவது வந்தால் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். "வண்டி ஓடலைன்னா வீட்ல இருப்பீங்க. நிக்கலைன்னாதான் என்கிட்ட வரணும்."

இன்று காலை வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை குமாஸ்தா. வாழ்க்கையில் முதல் கார், வாங்கி ஒரு வாரம் ஆகிறது. யாரோ ஓட்டிக் களைத்து ஒரு வருடம் மரத்தடியில் போட்டு வைத்திருந்த வண்டி. மகளுக்குப் பிரசவமாகி மூன்று நாள். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியை அந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

"நேத்து சாயந்தரந்தான் கீச்சுன்னு..."

"வாங்கின அன்னிக்கே கீச்சுன்னுச்சு," என்றார் பக்கத்து சீட்டிலிருந்து மனைவி. "நாலு நாளா கரகரன்னு இரும்பை அரைக்குது. முந்தாநாள் சிக்னல்ல வண்டி நிக்கறதுக்குள்ள நான் கும்பிடாத சாமி இல்ல."

குமாஸ்தா வானத்தைப் பார்த்தார்.

மெக்கானிக் அந்த அம்மாவை இறங்கச் சொல்லி, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்கத்து பிரேக் பேட் பாதி தேய்ந்திருந்தது. உள்பக்கத்தில் தேய்வதற்கே ஒன்றும் இல்லை, வெறும் தகடு. நகர வேண்டிய இரும்பு முளை துருப்பிடித்து இறுகிப்போய், ஒரே பக்கமாக அரைத்துத் தள்ளி, டிஸ்க்கில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தது. பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. தகட்டைக் குமாஸ்தாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல பேட் எங்க இருக்குன்னு காட்டுங்க சார்."

குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் வந்து சேரவே அஞ்சு மணி ஆயிடும்."

"ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிங்க! இதையே மறுபடி மாட்டிக் குடுங்க. ஆமை மாதிரி ஓட்டிட்டுப் போறேன்."

"பாலத்துலேருந்து இறங்கறப்ப ஆமைக்கும் பிரேக் வேணும் சார்."

"ஏங்க, குழந்தை மூணு கிலோகூட இல்லீங்க. ஒரு வாடகைக் காரைக் கூப்பிடுங்களேன்," என்றார் மனைவி.

குமாஸ்தாவின் குரல் இறங்கியது. "நீ சும்மா இரு. சம்பந்தி வீட்ல எல்லாரும் வாசல்ல நிப்பாங்க. முப்பது வருஷம் பஸ்ல தொங்கினேன். இந்த ஒரு நாளாவது..."

மெக்கானிக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அவருக்கும் ஒரு பேத்தி உண்டு. குனிந்து பிரஷால் துருவைத் துலக்கிக்கொண்டிருந்தார். அதைக் குமாஸ்தா அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்.

"என் வண்டி, என் இஷ்டம். சாவியைக் குடுங்க!"

மெக்கானிக் யாரிடமும் மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை. எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, கிரீஸ் படாமல் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். குமாஸ்தா அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வண்டிக்கு நடந்தார். கதவில் கை வைத்தபோதுதான் மூன்று சக்கரத்தோடு ஜாக்கியில் நிற்கும் வண்டி கண்ணில் பட்டது.

திரும்பிப் பார்த்தார். நாலாவது சக்கரத்தைப் பட்டறையின் கோடி வரை உருட்டிக்கொண்டு போய், படுக்கப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.